சிக் சாக்லேட்: டைட்டிலில் பேர் வராத டிரம்பெட்

பெருமாள்மலை தெரிந்தவர்களுக்கு அந்த முக்கு தெரிந்திருக்கும். வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் காட் ரோடும் பழனியிலிருந்து வரும் ரோடும் சேர்கிற இடம். கொடைக்கானலுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். போன தை மாதம் அந்த வழியாக ஒரு கல்யாண ஊர்வலம் போனது. கீழேயிருந்து வந்த பேண்டு செட். கிளாரினெட் இரண்டு, டிரம்பெட் இரண்டு, யூஃபோனியம் ஒன்று, சைடு டிரம், பெரிய டிரம். மலைக் குளிரில் பித்தளை வாத்தியம் சுருதி இறங்கும். அதனால் டிரம்பெட்காரர் ஒருத்தர் ஊதாமல் வெறும் மூச்சை மட்டும் குழாய்க்குள் விட்டுச் சூடாக்கிக் கொண்டிருந்தார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்க, ஒரு பழைய எம்.எஸ்.வி பாட்டின் இடையிசை. அச்சு அசல்.

முடிந்ததும் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணே, உங்க பேரு?" என்று கேட்டேன். சிரித்தார். "எதுக்கு தம்பி? செட்டு பேரு டிரம்லயே எழுதியிருக்கு பாருங்க" என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. தமிழ்நாட்டில் டிரம்பெட் சத்தம் கேட்காத காது கிடையாது. கல்யாணம், சாவு, சர்ச் திருவிழா, சினிமாப் பாட்டு, எங்கேயும் உண்டு. ஆனா வாசித்தவர் பேரைக் கேட்டா ஒருத்தர் பேர்கூட நம்ம வாயில் வராது. இந்திய அளவில் தேடினாலும் இதே கதைதான். அப்படித் தேடினப்போ கிடைத்த மனுஷன்தான் சிக் சாக்லேட். பேரைக் கேட்டா மிட்டாய்க் கம்பெனி மாதிரி இருக்கும். 1940, 50-களின் இந்தி சினிமாப் பாட்டில் நாம் கேட்கிற துள்ளலில் பாதி இவர் உதட்டிலிருந்தும் இவர் கூட்டாளிகள் பேனாவிலிருந்தும் வந்தது. இது அவர் கதை. நடுவில் இன்னொரு டிரம்பெட்காரர் கதையும் வரும்.

அல்டோனா கிராமத்துப் பையன்

நிஜப் பேர் அந்தோனியோ சேவியர் வாஸ். பிறந்தது 1916, கோவாவில் அல்டோனா என்ற கிராமம். 'சிக்' என்பது அம்மா செல்லமாகக் கூப்பிட்ட 'சிகோ'விலிருந்து வந்தது என்பார்கள். பையன் மெக்கானிக் ஆகி மரியாதையா சம்பாதிக்கணும் என்று அம்மாவுக்கு ஆசை. பையனுக்கோ பாட்டு.

ஏன் இந்திய ஜாஸ் வரலாற்றைத் தொட்டாலே கோவாக்காரர்கள் பேராக வருது? இதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. போர்ச்சுகீசியர் ஆட்சியில் கோவாவின் ஒவ்வொரு பங்கிலும் கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே எழுத்து, கணக்கோடு சங்கீதமும் பாடம். மெஸ்த்ரே என்று கூப்பிடப்பட்ட வாத்தியார் பையன்களுக்கு ஐந்துகோட்டு நொட்டேஷனைப் படிக்கச் சொல்லித் தருவார், கூடவே வயலினும் சொல்லித் தருவார். பூசையில் பாட ஆள் வேணும், திருவிழாவில் பேண்டு வாசிக்க ஆள் வேணும் என்பதுதான் நோக்கம். நம்ம ஊரில் கோயிலைச் சுற்றி நாயனக்காரர்கள் உருவான மாதிரியே அங்கே கோயிலைச் சுற்றி நொட்டேஷன் படிக்கத் தெரிந்த ஒரு கூட்டமே உருவானது. அந்தோனியோவும் பெரிய பூசையில் பாடித்தான் ஆரம்பித்தார்.

கோவாவுக்குள் அத்தனை பேருக்கும் பிழைப்பு இல்லை. கிளம்பி பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வந்தார்கள். ராணுவ பேண்டு, போலீஸ் பேண்டு, மகாராஜாக்களின் பேண்டு, ஊமைப்பட காலத்தில் தியேட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கும் குழு, ஓட்டல் நடன மண்டபம் என்று எங்கே பார்த்தாலும் அவர்கள்தான். அச்சடித்த தாளை முன்னால் வைத்தால் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார்கள். அந்தத் திறமைக்குத்தான் கூலி.

ஒரே வாத்தியம், இரண்டு உடம்பு

இங்கே வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகணும். இல்லாட்டி 'கிளாசிக்கலும் ஜாஸும் வாசித்தார்' என்பது சும்மா ஒரு விசிட்டிங் கார்டு வரி மாதிரி போய்விடும்.

டிரம்பெட் என்பது சுமார் ஒன்றரை மீட்டர் நீளக் குழாயைச் சுருட்டி வைத்தது. மூணே மூணு வால்வு. ஒவ்வொரு வால்வை அமுக்கும்போதும் குழாயின் நீளம் கொஞ்சம் கூடும், சுரம் இறங்கும். ஆனா மூணு வால்வை வைத்து எல்லாச் சுரத்தையும் பிரிக்க முடியாது. ஒரே வால்வு நிலையில் ஐந்தாறு சுரம் வரும். எது வரணும் என்பதை முடிவு செய்வது உதட்டின் இறுக்கமும் மூச்சும். அதாவது வாத்தியத்தில் பாதி வாசிப்பவர் முகத்தில் இருக்கு. மேல்ஸ்தாயியில் பத்து நிமிஷம் தொடர்ந்து வாசித்தால் உதடு சோர்ந்துவிடும். வயலின்காரருக்கு இந்தக் கஷ்டம் கிடையாது.

சிம்பனியில் டிரம்பெட்காரர் எழுதின சுரத்தை எழுதின இடத்தில், எழுதின நீளத்துக்கு, பக்கத்து ஆளோடு இழைந்து வாசிக்கணும். நாற்பது அறுபது பார் சும்மா எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சரியான நொடியில் சுத்தமாக நுழையணும். தவறினால் அரங்கம் முழுக்கக் கேட்கும். ஜாஸில் எல்லாம் தலைகீழ். சுரத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தொடணும், வளைக்கணும், உறுமணும், ம்யூட் வைத்து அழவைக்கணும், தாளில் இல்லாததை அந்த இடத்திலேயே கற்பனை செய்யணும். கல்பனாஸ்வரம் பாடுகிறவருக்கு இது உடனே புரியும். ஒரு பழக்கம் இன்னொன்றைக் கெடுக்கும் என்று வாத்தியார்கள் பயப்படுவார்கள்.

இரண்டிலும் உச்சத்தைத் தொட்டவர் என்று இன்றைக்கு உலகம் சொல்வது அமெரிக்காவின் விண்டன் மார்சாலிஸை. 1984-ல் ஒரே விழாவில் ஜாஸுக்கும் கிளாசிக்கலுக்கும் கிராமி வாங்கினார். அதற்கு முன் யாரும் ஒரே வருஷத்தில் இரண்டையும் வாங்கினதில்லை. அது பெரிய சாதனைதான், மறுக்கலை. ஆனா அதற்கு நாற்பது வருஷம் முன்னாடியே பம்பாயில் ஒரு கூட்டம் பிழைப்புக்காக இந்த இரண்டு வேலையையும் மாறிமாறிச் செய்துகொண்டிருந்தது. பகலில் ரெக்கார்டிங், ஒரு சாயங்காலம் சிம்பனி ஒத்திகை, ராத்திரி ஓட்டலில் ஸ்விங்.

தாஜ் ஓட்டலும் மலை சீசனும்

1935-ல் லியோன் ஆபி என்ற கறுப்பின அமெரிக்க வயலின் கலைஞர் தன் குழுவோடு பம்பாய் தாஜ்மஹால் ஓட்டலுக்கு வந்தார். அடுத்தடுத்து மற்றவர்களும் வந்தார்கள். டிரம்பெட்டில் கிரிக்கெட் ஸ்மித், பில் கோல்மன்; பியானோவில் டெடி வெதர்ஃபோர்ட். இவர்களெல்லாம் சாதாரண ஆட்கள் இல்லை. கிரிக்கெட் ஸ்மித் 1913, 14-லேயே நியூயார்க்கில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் இசைத்தட்டுகளில் வாசித்தவர். வெதர்ஃபோர்ட் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் இருந்த அதே ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தவர். அப்புறம் கல்கத்தாவில் 1945-ல் காலராவில் செத்துப்போனார்.

சொந்த நாட்டில் நிறவெறி. இங்கே வந்தால் தாஜில் மேடை. இந்திய வாத்தியக்காரர்களுக்கு இவர்கள் ஒரு பள்ளிக்கூடம். அதுவரை இசைத்தட்டில் கேட்டு ஊகித்ததை இப்போ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். தாளில் எழுத முடியாத அந்த அசைவு எப்படி வருதுன்னு கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

சிக் நேராக தாஜுக்குப் போய்விடவில்லை. ரங்கூன், முசூரி என்று சுற்றினார். நம்ம மலைக்காரர்களுக்கு முசூரி விஷயம் சட்டென்று புரியும். கோடை வந்தால் துரைமார்கள் மலை ஏறுவார்கள். அவர்கள் பின்னாலேயே சமையல்காரர், தையல்காரர், கடைசியில் பேண்டும் மலை ஏறும். முசூரியின் பெரிய ஓட்டல்களில் சீசன் முழுக்க நடனம். வாத்தியக்காரர்களுக்கு மூணு நாலு மாசச் சம்பளம் உத்தரவாதம்.

கொடைக்கானல் வேற மாதிரி வளர்ந்தது. இங்கே முதலில் வீடு கட்டினவர்கள் 1845-ல் மதுரையிலிருந்து ஏறின அமெரிக்க மிஷனரிகள். 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. கிளப், போட் கிளப் எல்லாம் வந்தாலும் ஊரின் சுருதி பியானோவும் கீதமும்தான். ஒரு மலை யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்து அங்கே எந்தச் சத்தம் தங்கியது என்பதும் மாறுது.

1940-களில் சிக் தன் பதினோரு பேர் குழுவோடு தாஜுக்கு வந்து சேர்ந்தார். சில வருஷத்தில் 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அதே கரகரத்த குரல், வாசித்து முடித்ததும் அதே மாதிரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பது. சனங்களுக்குக் கொண்டாட்டம்.

இந்தப் பட்டத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. அது அவருக்குச் சோறு போட்டது, மறுப்பதற்கில்லை. ஆனா 'இந்தியாவின் இன்னார்' என்று ஒருத்தரைக் கூப்பிடும்போதே அவர் நகல், அசல் வேற எங்கேயோ இருக்கு என்று சொல்லிவிடுகிறோம். சிக் செய்த அசல் வேலை தாஜ் மேடையில் இல்லை. அது தாதரிலும் அந்தேரியிலும் இருந்த ரெக்கார்டிங் கூடங்களில் இருந்தது.

ஆரம்பம் தமிழ்ப் படத்தில்

இந்தக் கதையில் தமிழ் நுழைகிற இடம் இது. எனக்கே இது தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது.

சிக்கை சினிமாவுக்குள் கொண்டுவந்தவர் இசையமைப்பாளர் சி.ராமச்சந்திரா. மகாராஷ்டிரக்காரர். அவர் இசையமைப்பாளராக ஆரம்பித்தது இந்தியில் இல்லை, மராத்தியில் இல்லை, தமிழில். 1940-ல் 'ஜயக்கொடி', 1941-ல் 'வனமோகினி'. இரண்டும் பம்பாய்க்காரர் பகவான் இயக்கிய தமிழ்ப் படங்கள். 'வனமோகினி' என்றால் பழைய ஆட்களுக்கு கே.தவமணி தேவி ஞாபகம் வரும். அதே பகவானும் அதே ராமச்சந்திராவும் பத்து வருஷம் கழித்து, 1951-ல், 'அல்பேலா' எடுத்தார்கள். இந்தி சினிமாவில் நடனப் பாட்டின் போக்கையே மாற்றின படம். அதன் ஒரு நடனக் காட்சியில் சுருக்கம் வைத்த கை வைத்த லத்தீன் பாணிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பேண்டு நிற்கும். அதுதான் சிக் சாக்லேட்டின் குழு.

அதற்கு முந்தின வருஷம் 'சமாதி'. அதில் 'கோரே கோரே' பாட்டு. எட்மண்டோ ராஸ் பாடிப் புகழ்பெற்ற ஒரு லத்தீன் பாட்டைத் தழுவியது. ராமச்சந்திராவுக்கு உதவியாளர் சிக். இந்த 'உதவியாளர்' என்ற சொல்லுக்குள்தான் முழு விஷயமும் இருக்கு.

அன்றைக்கு வேலை நடந்த விதம் இப்படி. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மெட்டைப் பாடிக் காட்டுவார். பெரும்பாலானவர்களுக்கு ஐந்துகோட்டு நொட்டேஷன் எழுதத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கோவாக்காரர் அதைக் கேட்டு எழுதிக்கொள்வார். அப்புறம் முப்பது நாற்பது வாத்தியத்துக்கும் யார் எங்கே நுழையணும், வயலின் என்ன செய்யணும், டிரம்பெட் எங்கே பதில் சொல்லணும் என்று பிரித்து எழுதுவார். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசையில் நிறைய இப்படி உருவானது. மெட்டு ஒற்றை நூல் என்றால் துணியை நெய்தவர்கள் இவர்கள். படம் ஓடும்போது டைட்டிலில் இசை என்று ஒரே பேர். அதிர்ஷ்டம் இருந்தால் கீழே சின்ன எழுத்தில் 'உதவி'.

ராமச்சந்திரா தன் குழுவைக் கவனித்துக் கேட்டவர் என்பதற்கு ஒரு வேடிக்கைக் கதை உண்டு. 1957-ல் 'ஆஷா' படத்தின் 'ஈனா மீனா டீக்கா' பாட்டு. வெளியே குழந்தைகள் விளையாடிக்கொண்டே பாடின வாய்ப்பாட்டிலிருந்து அந்த வரி பிறந்ததாம். குழுவில் இருந்த கோவா வாத்தியக்காரர் ஜான் கோம்ஸ் 'மாக்கா நாக்கா' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தாராம். கொங்கணியில் 'எனக்கு வேண்டாம்' என்று அர்த்தம். நாடு முழுக்க அர்த்தம் தெரியாமல் பாடினார்கள்.

சிக்கே தனியாக இசையமைத்த படங்களும் உண்டு. 1951-ல் தேவ் ஆனந்தும் மதுபாலாவும் நடித்த 'நாதான்' அதில் ஒன்று. ஆனா தனி இசையமைப்பாளராக அவர் நிலைக்கவில்லை. கேட்ட உடனே எழுதுவது, எழுதின உடனே வாசிப்பது, வாசிக்கும்போதே கற்பனை செய்வது, இந்த மூணிலும் கெட்டிக்காரராக இருந்ததால் அடுத்தவர்களுக்குத் தவிர்க்க முடியாத ஆள் ஆனார். தவிர்க்க முடியாத உதவியாளர் பல சமயம் உதவியாளராகவே இருந்துவிடுகிறார். ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இன்னொரு டிரம்பெட்: ஃபிராங்க் பெர்னாண்ட்

இதே காலத்தில் இன்னொருவர் வேற வழியில் போனார். ஃபிராங்க் பெர்னாண்ட். 1919-ல் பிறந்தவர், இவரும் கோவா. பம்பாய் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவிலும் வாசித்தார், ரூடி காட்டன் குழுவில் ஜாஸும் வாசித்தார். ரூடி காட்டன் என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவர் கவாஸ்ஜி கட்டாவ் என்ற பார்சி. ஜாஸ் மேடைக்கு ஒரு ஆங்கிலப் பேர் தேவைப்பட்ட காலம்.

1946 பிப்ரவரியில் காந்தி நம்ம பக்கம் வந்தார். மதுரை மீனாட்சி கோயில், பழனி மலை. அதே வருஷம் மே கடைசியில் அவர் முசூரிக்குப் போனார். அங்கே சீசனுக்கு வாசிக்க வந்திருந்தது ரூடி காட்டன் குழு. அங்கே காந்தியைச் சந்தித்தது தன்னை மாற்றிவிட்டதாக ஃபிராங்க் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அமெரிக்கக்காரன் மாதிரி வாசிப்பதற்கு இத்தனை பாடுபட்டோமே, நம்ம நாட்டுச் சங்கீதம் என்ன ஆச்சு என்ற கேள்வி வந்திருக்கு. அதற்கப்புறம் இந்திய மெட்டுகளை ஜாஸ் குழுவுக்கு எழுதிப் பார்க்க ஆரம்பித்தார்.

இது சுலபமான காரியம் இல்லை. டிரம்பெட்டின் வால்வு அரைச் சுரம் அரைச் சுரமாகத்தான் போகும். கமகத்துக்குத் தேவையான வழுக்கல் அதில் இல்லை. பாதி அமுக்கிய வால்வாலும் உதட்டாலும்தான் அதைக் கொண்டுவரணும். கிளாரினெட்டை ஏ.கே.சி.நடராஜன் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார், சாக்ஸஃபோனை கத்ரி கோபால்நாத் கொண்டுவந்தார். டிரம்பெட் அப்படி நம்ம கச்சேரிக்குள் வந்து உட்காராததற்கு இந்த வழுக்கல் பிரச்சனை ஒரு முக்கியமான காரணம் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் டான் எல்லிஸ் 1960-களில் ஹரிஹர் ராவிடம் இந்தியத் தாளமும் ராகமும் கற்றார். கால் சுரம் பிடிப்பதற்காக நாலாவது வால்வு வைத்த டிரம்பெட்டே செய்துகொண்டார். ஃபிராங்குக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. மூணு வால்வு, தன் உதடு, அவ்வளவுதான்.

அவரும் பிழைப்புக்கு சினிமாவுக்குத்தான் வந்தார். அனில் பிஸ்வாஸ், ஹேமந்த் குமார் போன்றவர்களுக்கு இசைக் கோர்ப்பு எழுதினார். ஆனா சிக் செய்யாத ஒன்றைச் செய்தார். கோவா 1961-ல் இந்தியாவோடு சேர்ந்த பிறகு தானே கொங்கணிப் படம் தயாரித்தார். 1963-ல் 'ஆம்செம் நொஷீப்', 1966-ல் 'நிர்மோண்'. தன் மொழி, தன் சனம், தன் பேர். ஜாஸிலும் சிம்பனியிலும் சினிமாவிலும் கற்றதை எல்லாம் கடைசியில் அங்கே கொண்டுபோய்ப் போட்டார். 2007-ல் காலமானார்.

கிளப் மூடினதும் பாட்டு வளர்ந்ததும்

இத்தனை பேர் ஏன் ஜாஸை விட்டுட்டு ரெக்கார்டிங் கூடத்துக்கு ஓடினார்கள்? காசுதான் முதல் காரணம். 1947-ல் துரைமார் கிளம்பினார்கள், நடன மண்டபத்துக்குக் கூட்டம் குறைந்தது. 1949-ல் பம்பாய் மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம். மது இல்லாத நைட் கிளப்பில் எத்தனை பேர் வந்து உட்காருவார்கள்? மெட்ராஸில் அதற்கு முன்னாடியே இந்தக் கதை முடிந்திருந்தது. ராஜாஜி 1937-ல் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு 1948-க்குள் மாகாணம் முழுக்க வந்துவிட்டது.

அதே நேரம் சினிமாவில் பாட்டுக்கு வாத்தியம் பெருகிக்கொண்டே போனது. ஆக, ஒரு பக்கம் கூலி போச்சு, இன்னொரு பக்கம் கூலி வந்தது. குடிக்கிறவர்களைத் தடுக்கப் போட்ட சட்டம் இந்திய சினிமாப் பாட்டுக்குக் கைதேர்ந்த வாத்தியக்காரர்களைத் தள்ளிவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனா முழுக்கப் பொய் இல்லை.

இந்தக் கூட்டத்தில் இன்னொரு பேரைச் சொல்லாமல் போக முடியாது. அந்தோணி கோன்சால்வெஸ். வயலின்காரர், இசைக் கோர்ப்பாளர். 1958-ல் இந்திய ராகங்களை வைத்து சிம்பனி எழுதி, பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரி முற்றத்தில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு அரங்கேற்றினார். லதா மங்கேஷ்கர் பாடினார். அவரிடம் வயலின் கற்றவர் பியாரேலால். பியாரேலாலின் அப்பா ராம்பிரசாத் சர்மா யார் தெரியுமா? அவரும் டிரம்பெட்காரர்தான். எத்தனையோ பேருக்கு நொட்டேஷன் சொல்லிக்கொடுத்தவர். 1977-ல் 'அமர் அக்பர் அந்தோணி' படத்துக்கு லட்சுமிகாந்த் பியாரேலால் இசை. அமிதாப் பச்சன் பெரிய முட்டையிலிருந்து வெளியே வந்து 'என் பேர் அந்தோணி கோன்சால்வெஸ்' என்று பாடுவார். குருவின் பேரை இந்தியா முழுக்கப் பாட வைத்தான் சிஷ்யன். ஆனா கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு நிஜ மனுஷனின் பேர் என்று தெரியும்? எனக்கே இருபத்தஞ்சு வயசு வரை தெரியாது. பத்திரிகையாளர் நரேஷ் பெர்னாண்டஸ் எழுதினதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. இந்த உலகத்தைத் தோண்டி எடுத்ததில் அவருடைய 'தாஜ்மஹால் ஃபாக்ஸ்டிராட்' (2012) புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்ம பக்கம்

1958-ல் சி.ராமச்சந்திரா மறுபடி தமிழுக்கு வந்தார். எஸ்.எஸ்.வாசனின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. வைஜயந்திமாலாவும் பத்மினியும் போட்டி போட்டு ஆடும் அந்த நடனத்தை அறியாத தமிழர் குறைவு. அதைப் பற்றிப் பேசும்போது வைஜயந்தியைச் சொல்வோம், பத்மினியைச் சொல்வோம், 'சபாஷ், சரியான போட்டி' என்று வீரப்பா சொன்னதைச் சொல்வோம். இசையமைத்தவர் பேரையே பலர் சொல்வதில்லை. வாசித்தவர்கள் பேருக்கு எங்கே போவது?

மெட்ராஸிலும் இதே மாதிரி ஒரு உலகம் இருந்தது. கோவாக்காரர்களோடு ஆங்கிலோ இந்தியர், தமிழ்க் கிறிஸ்தவர், கேரளத்துக்காரர் என்று கலந்த கூட்டம். நொட்டேஷன் கற்க தன்ராஜ் மாஸ்டர் இருந்தார். நம்ம மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜாவும் அவரிடம்தான் போய் நின்றார். எம்.எஸ்.வி ராமமூர்த்தி காலத்து 'புதிய பறவை'யை (1964) ஒரு தடவை காதை மட்டும் வைத்துக் கேளுங்க. பித்தளை வாத்தியங்கள் கதாநாயகனின் குற்ற உணர்ச்சியையே வாசிக்கும். எம்.எஸ்.வி குழுவில் அக்கார்டியன் மங்களமூர்த்தி, டிரம்ஸ் நோயல் கிராண்ட், கிடார் பிலிப்ஸ் என்று ரசிகர்கள் சில பேரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். படத்தின் டைட்டில் இவர்களைக் காப்பாற்றவில்லை. பேட்டிகளும் ரசிகர்களின் ஞாபகமும்தான் காப்பாற்றியது.

கடைசிக் காட்சி

1966-ல் சேத்தன் ஆனந்தின் 'ஆக்ரி கத்' வந்தது. கய்யாம் இசை. அதில் கிளப்பில் ஒரு பாட்டு. இளம் பூபிந்தர் பாடுவார். பக்கத்தில் ஒருவர் டிரம்பெட்டோடு நிற்பார். கேமரா அவரைக் காட்டும். சிக் சாக்லேட்தான். இருபது வருஷமாகத் திரைக்குப் பின்னால் ஊதினவர் முகம் முழுசாகத் தெரிகிற சில காட்சிகளில் அது ஒன்று.

சில மாசத்தில், 1967 மே மாதம், பம்பாயில் காலமானார். 51 வயசு. அவர் உதாரணமாக எடுத்துக்கொண்ட ஆம்ஸ்ட்ராங் அதற்கப்புறம் நாலு வருஷம் உயிரோடு இருந்தார். சிக்கின் சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் சி.ராமச்சந்திராவும் மதன் மோகனும் இருந்தார்கள். அவருடைய டிரம்பெட்டைப் பக்கத்திலேயே வைத்தார்கள்.

டைட்டிலில் ஒற்றைப் பேராக நின்ற இரண்டு இசையமைப்பாளர்கள் தோள் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கு, யாருடைய மூச்சு தங்கள் பாட்டுக்குள் இருந்தது என்று. தெரியாமல் போனது நமக்குத்தான். இதில் யாரையும் வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. ஆர்மோனியத்தில் மெட்டுப் போட்டவரும் கலைஞர்தான், அவர் உழைப்பும் உழைப்புதான். ஆனா 'இசை' என்ற ஒரு வார்த்தைக்குக் கீழே ஒரே பேர் போடும் பழக்கம் நாற்பது பேரின் வாழ்க்கையை அழித்துவிடுது. டைட்டிலுக்கு ஒரு கார்டு கூடப் போட்டிருந்தால் போதும். செலவு ஒன்றும் இல்லை.

பெருமாள்மலையில் அந்த அண்ணனிடம் திரும்பவும் கேட்டேன். செட்டு பேர் தெரியுது, உங்க பேர் சொல்லுங்க என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். அப்பாவும் டிரம்பெட்தான், கோயில் பேண்டில் வாசித்தவர், நொட்டேஷன் தெரிந்தவர் என்றார். தனக்கு நொட்டேஷன் வராது, எல்லாம் காதுதான் என்றார். எம்.எஸ்.வி இடையிசையை யார் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டேன். "ரேடியோதான் தம்பி" என்று சிரித்தார். இணையத்தில் பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கே போடவில்லை. என் நோட்டில் இருக்கு.

உங்கள் வீட்டில், உறவில் யாராவது ஆர்க்கெஸ்ட்ராவிலோ பேண்டு செட்டிலோ பித்தளை வாத்தியம் வாசித்திருந்தால், அவர்களோடு உட்கார்ந்து இரண்டு விஷயம் எழுதி வையுங்க. எந்தப் பாட்டு, எந்த வருஷம். அவர்கள் இருக்கும்போதே எழுதுங்க. அப்புறம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போ எனக்குத் தெரியும்.